ஊட்டியில் எழுதிய ஸ்நூக்கர் விதிகள் யாருக்குச் சொந்தம்? ஆட்ட விதிகளுக்கு காப்பிரைட் உண்டா?

ஒரு மேசை ஆட்டத்தின் விதிகளை எடுத்து, பெயரை மாற்றி, கதையை மாற்றி, இன்னொரு ஆட்டமாக விற்றால் அது திருட்டா? பகடையை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ரோல்-ப்ளேயிங் கேம் வட்டாரத்தில் பல வருஷமாக ஓயாத சண்டை இது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிடும் அமெரிக்க நிறுவனத்துக்கும் அதன் ரசிகர்களுக்கும் 2023-ல் நடந்த மோதலில் இந்தக் கேள்வி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இதற்குப் பதில் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, நீலகிரி மலை ஏறினாலே போதும். உலகமே ஆடும் ஒரு ஆட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டியில்தான். அந்த விதிகளுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஏன் என்று புரிந்தால், மற்றதும் புரியும்.

ஊட்டி கிளப்பில் என்ன நடந்தது?

1875. ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு மழைக்காலத்தில் பொழுதுபோக்கு பில்லியர்ட்ஸ் மேசைதான். அப்போது 'பிளாக் பூல்' என்றொரு பந்தய ஆட்டம் இருந்தது. அதில் கூடுதலாக சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார் நேவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. லண்டன் அருகே வூலிச் ராணுவ அகாடமியில் புதுசாகச் சேரும் பயிற்சி வீரர்களைக் கிண்டலாக 'ஸ்நூக்கர்' என்பார்கள். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருவரை சேம்பர்லின் அப்படி அழைக்க, அந்தப் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவர் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஃபிரெட்ரிக் ராபர்ட்ஸின் உதவியாளர்களில் ஒருவராக ஊட்டிக்கு வந்தார். 1882-ல் ஆட்டத்தின் விதிகளை ஒழுங்காக எழுதி, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டினார்கள். கோடைக்கு மலையேறிய அதிகாரிகளும் தோட்டக்காரத் துரைமார்களும் அங்கே ஆடிப் பழகி, விதிகளைத் தலையில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1885-ல் இந்தியா வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. 1919-ல் அங்குள்ள பில்லியர்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு விதிகளைத் தன் பாணியில் தொகுத்தது. 1927-ல் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஜோ டேவிஸ் வென்றார்.

இந்த வரிசையில் எங்கேயும் 'அனுமதி' என்ற சொல்லே வரவில்லை. சேம்பர்லினுக்கு ராயல்டி வரவில்லை. அதைவிடக் கொடுமை, ஆட்டம் எங்கே பிறந்தது என்று வேறு வேறு கதைகள் கிளம்பின. கடைசியில் 80 வயதைத் தாண்டிய சேம்பர்லின், 1938-ல் 'தி ஃபீல்டு' என்ற ஆங்கில இதழுக்குக் கடிதம் எழுதி, 'இது நான் தொடங்கிய ஆட்டம்' என்று விளக்க வேண்டி வந்தது.

காப்பிரைட் இருந்திருந்தால்?

அந்தக் காலத்தில் இந்தியாவில் காப்பிரைட் சட்டமே இல்லையோ என்று தோன்றலாம். இருந்தது. 1847-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. பிறகு 1914-ல் ஒன்று. இப்போது நடைமுறையில் இருப்பது 1957-ம் ஆண்டுச் சட்டம்.

விஷயம் என்னவென்றால், காப்பிரைட் எதைக் காக்கும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஒருவர் எழுதிய வாசகத்தைக் காக்கும், வரைந்த படத்தைக் காக்கும், இசையைக் காக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் யோசனையைக் காக்காது. ஊட்டி கிளப் சுவரில் ஒட்டிய தாளின் வாசகத்தை வரிக்கு வரி அச்சடித்து விற்றால் அது ஒரு கதை. 'சிவப்புப் பந்தைப் போட்டால் ஒரு புள்ளி, கறுப்புப் பந்துக்கு ஏழு' என்ற முறையைத் தெரிந்துகொண்டு ஆடுவதும், அதை வேறு வார்த்தையில் எழுதி வைப்பதும் முற்றிலும் வேறு.

அந்தத் தாளுக்கு இன்றைய சட்டக் கணக்கைப் பொருத்தினால்கூட, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. சேம்பர்லின் இறந்தது 1944-ல். அப்படியானால் 2004 முடிவோடு வாசகத்தின் உரிமையும் முடிந்திருக்கும். ஆட்ட முறைக்கோ, முதல் நாளில் இருந்தே அப்படி ஒரு உரிமை கிடையாது.

இதை எந்தக் கோர்ட் சொன்னது?

ஊட்டியில் விதிகள் ஒட்டப்படுவதற்குச் சில வருஷம் முன்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'பேக்கர் எதிர் செல்டன்' வழக்கில் இந்த எல்லைக் கோட்டைப் போட்டது. அது கணக்கு எழுதும் ஒரு புதிய முறை பற்றிய வழக்கு. முறையை விளக்கும் புத்தகத்துக்கு உரிமை உண்டு, ஆனால் அந்த முறையில் கணக்கு எழுத யாருக்கும் தடை இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில் இதே கோட்டை அழுத்தமாகப் போட்டது 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி.ஆனந்த் வழக்குத் தீர்ப்பு. தன் நாடகத்தைப் பார்த்து 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியர் வழக்குப் போட்டார். யோசனை, கருப்பொருள், கதைப்போக்கு இவற்றுக்கு காப்பிரைட் இல்லை. அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி, வழக்கை ஏற்க மறுத்தது நீதிமன்றம். தமிழ் சினிமாவில் கதைத் திருட்டுப் புகார் எழும்போதெல்லாம் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

சரி, பேட்டன்ட் வாங்கிடலாமே?

காப்பிரைட் இல்லையென்றால் பேட்டன்ட் என்று அடுத்த யோசனை வரும். அந்தக் கதவும் மூடியே இருக்கிறது. 1970-ம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு, வெறும் ஆட்டம் ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே கருத முடியாது என்று நேரடியாகச் சொல்கிறது. புது மாதிரிப் பகடை இயந்திரம் ஒன்றைச் செய்தால் அந்த இயந்திரத்துக்கு முயற்சி செய்யலாம். 'இப்படி உருட்டு, இப்படி நகர்த்து' என்பதற்கு முடியாது.

கொல்கத்தா சகோதரர்கள் சிக்கிய கதை

ஆட்ட விதி பற்றி இந்திய நீதிமன்றம் நேருக்கு நேர் பேசிய முக்கியமான வழக்கு 2008-ல் நடந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் 'ஸ்க்ராபுலஸ்' என்ற ஆன்லைன் சொல் விளையாட்டை உருவாக்கினார்கள். பெயரைக் கேட்டாலே தெரியும், 'ஸ்க்ராபிள்' ஆட்டத்தின் சாயல்தான். ஃபேஸ்புக்கில் அது தீயாய்ப் பரவியது. தினமும் லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். ஸ்க்ராபிள் உரிமை அமெரிக்கா, கனடாவில் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம். மற்ற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடம். மேட்டல் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

2008 செப்டம்பரில் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தந்த இடைக்கால உத்தரவில் மேட்டலுக்குப் பாதிதான் வெற்றி. ஆட்ட விதிகளுக்கு காப்பிரைட் கேட்டது எடுபடவில்லை. ஒரு விதியைச் சொல்ல ரொம்பக் குறைவான வழிகளே இருக்கும்போது, வாசகத்துக்கு உரிமை கொடுத்தால் விதிக்கே உரிமை கொடுத்ததாகிவிடும் என்பது காரணம்.

ஆட்டப் பலகைக்கும் அதே கதிதான். டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், அதை வைத்து தொழிற்சாலை முறையில் 50 பிரதிக்கு மேல் தயாரித்துவிட்டால், அதன் காப்பிரைட் முடிந்துவிடும் என்கிறது சட்டத்தின் 15(2) பிரிவு.

ஆனால் பெயர் விஷயத்தில் சகோதரர்கள் தோற்றார்கள். 'ஸ்க்ராபிள்' என்பது பதிவான வணிக முத்திரை. 'ஸ்க்ராபுலஸ்' அதைப் போலவே ஒலிப்பதால் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை வந்தது. ஆட்டம் பிறகு 'லெக்சுலஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது.

இந்த ஒரு வழக்கிலேயே மொத்தப் பாடமும் அடங்கிவிட்டது. ஆட்டம் பிழைத்தது, பெயர் போனது.

தேயிலையை வைத்து யோசித்தால் சுலபம்

நீலகிரிக்காரர்களுக்கு இது புதிய தத்துவம் இல்லை. இலையை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தும் ஆர்த்தடாக்ஸ் முறை யாருக்கும் தனிச் சொத்து அல்ல. எந்த மலையிலும் எந்த ஃபேக்டரியும் செய்யலாம். ஆனால் 'நீலகிரி ஆர்த்தடாக்ஸ்' முத்திரையை நினைத்தவர்கள் எல்லாம் பாக்கெட்டில் போட முடியாது. அது புவிசார் குறியீடு பெற்றது. தேயிலை வாரியத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. செய்முறை பொது, பெயருக்குக் காவல்.

நம் ஊர் ஆட்டங்களுக்கும் இதே அனுபவம் உண்டு. இந்தியாவின் பச்சீசி ஆட்டம் அமெரிக்காவில் 'பார்ச்சீசி' ஆனது. 1874-லேயே அங்கே அந்தப் பெயர் வணிக முத்திரையாகப் பதிவானது. தாயக்கட்டத்தையோ ஆடுபுலி ஆட்டத்தையோ ஆட யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அதை அட்டைப்பெட்டியில் போட்டு ஒரு கவர்ச்சியான பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயருக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுவார்.

ரோல்-ப்ளேயிங் கேம்ல மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஸ்நூக்கர் விதிகளைச் சில பக்கங்களில் எழுதிவிடலாம். ரோல்-ப்ளேயிங் கேம் அப்படி இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய பதிப்புக்கு மூன்று தடிமனான அடிப்படைப் புத்தகங்கள். அதில் விதியும் இருக்கும், கதையும் இருக்கும். பூதங்களின் வர்ணனை, ஓவியம், ஊர்ப் பெயர்கள் எல்லாம் கலந்திருக்கும். எது விதி, எது இலக்கியம் என்று பிரிப்பதில்தான் தகராறு.

'இருபது முகப் பகடையை உருட்டு, திறமைக்கான எண்ணைக் கூட்டு, இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி.' இது விதி, யாரும் எடுக்கலாம். அதே புத்தகத்தில் ஒரு அரக்கனின் பிறப்பு, குணம், தோற்றம் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தால் அது எழுத்து, எடுக்கக் கூடாது. இந்த ஆட்டமே ஒருகாலத்தில் மறுபக்கத்தில் நின்று மாட்டிக்கொண்டது. டோல்கீன் கதைகளில் வரும் 'ஹாபிட்' இனத்தை ஆரம்பத்தில் அப்படியே பயன்படுத்தினார்கள். உரிமையாளர்கள் தரப்பில் எதிர்ப்பு வந்ததும் 'ஹாஃப்லிங்' என்று மாற்றினார்கள். பகடை விதியில் யாரும் கை வைக்கவில்லை, பெயர்தான் மாறியது.

கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு அமெரிக்க வழக்குகள் உதவும். 'பேங்!' என்ற இத்தாலியச் சீட்டாட்டத்தில் ஷெரிஃப், கொள்ளைக்காரன் என்று ஆளுக்கொரு ரகசிய வேஷம். அதே விதிகளோடு, பழைய சீனக் கதையைக் களமாக வைத்து இன்னொரு ஆட்டம் வந்தது. 2016-ல் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வேஷங்களின் சக்திகளும் அவை மோதும் முறையும் ஆட்ட விதிகளே என்று சொல்லி, சீனக் கதை ஆட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

2012-ல் 'டெட்ரிஸ்' வழக்கில் நடந்தது நேர் எதிர். விதிகளை மட்டும்தான் எடுத்தோம் என்றது எதிர்த் தரப்பு. ஆனால் திரையில் கட்டைகளின் தோற்றம், நிறம், அசைவு எல்லாமே அச்சு அசலாக இருந்தன. நியூஜெர்சி நீதிமன்றம் அதை மீறல் என்றது. எலும்புக்கூட்டை எடுக்கலாம், தோலையும் சட்டையையும் சேர்த்து எடுக்கக் கூடாது.

2023-ல் வெடித்தது என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடுவது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். அதன் தாய் நிறுவனம், ஸ்க்ராபிள் கதையில் வந்த அதே ஹாஸ்ப்ரோ. 2000-ல் இந்த நிறுவனம் 'ஓபன் கேம் லைசென்ஸ்' என்ற பொது உரிமத்தை வெளியிட்டது. எங்கள் விதி வாசகத்தை வைத்து நீங்களும் புத்தகம் போடலாம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு என்பது அதன் சாரம். 'பிஹோல்டர்' போன்ற சில பூதங்களின் பெயர்களைத் தொடக்கூடாது என்ற பட்டியலும் இருந்தது. அதை நம்பி உலகம் முழுக்க ஏராளமான சிறு பதிப்பாளர்கள் தொழில் நடத்தினார்கள்.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி என்று அதில் இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், சந்தாக்களை ரத்து செய்தார்கள். 'விதிகளுக்கே காப்பிரைட் இல்லாதபோது எதற்கு உங்கள் லைசென்ஸ்?' என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. சில வாரங்களில் நிறுவனம் பின்வாங்கியது. ஜனவரி 27-ம் தேதி அடிப்படை விதித் தொகுப்பை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. அசல் ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம். 2025 ஏப்ரலில் வந்த புதிய தொகுப்பும் அதே உரிமத்தில்தான்.

சட்டப்படி விதிகள் பொது என்றால், லைசென்ஸ் எதற்கு? நிம்மதிக்காக. கோர்ட்டில் ஜெயிக்க வாய்ப்பு இருந்தாலும், பெரிய நிறுவனத்தோடு வழக்காடும் செலவைச் சிறு பதிப்பாளரால் தாங்க முடியாது. வாசகத்தையே நேரடியாக எடுத்துப் போடும் வசதியும் லைசென்ஸில்தான் கிடைக்கிறது.

குன்னூரில் ஒருவர் ஆட்டம் எழுதினால்?

குன்னூர் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து, லயன் வீடுகள், மலை ரயில், காட்டெருமை, மூடுபனி எல்லாம் வரும் ஒரு ரோல்-ப்ளேயிங் கேமை ஒரு கல்லூரி மாணவி தமிழில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கவனிக்க வேண்டியவை இவை:

- விதி: பகடை முறை, புள்ளிக் கணக்கு, சுற்று முறை எதையும் எந்த ஆட்டத்திலிருந்தும் எடுக்கலாம். வாக்கியத்தை மட்டும் சொந்தமாக எழுத வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது தனி ஆபத்து. மொழிபெயர்ப்பு உரிமையும் அசல் ஆசிரியருக்கே.
- கதையும் படமும்: அவர் எழுதிய நொடியிலிருந்தே காப்பிரைட் அவருடையது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. செய்து வைத்தால் தகராறு வரும்போது ஆதாரமாக உதவும்.
- பெயர்: வணிக முத்திரையில் ஆட்டங்களுக்கு 28-ம் வகுப்பு. அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகள், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.
- பலகையும் காய்களும்: புதுமையான வடிவம் என்றால் கடைக்கு வருவதற்கு முன்பே டிசைன் பதிவு செய்வது நல்லது. 50 பிரதிக் கணக்கு இங்கேதான் காலை வாரும். எது ஓவியம், எது தொழிற்சாலை டிசைன் என்று பிரிப்பதற்கான சோதனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிரையோகாஸ் வழக்கில் விளக்கியிருக்கிறது.
- ஒப்பந்தம்: வெளியிடும் முன்பு பதிப்பாளரிடம் காட்டுவதாக இருந்தால், ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். காப்பிரைட் காக்காத யோசனையை, கையெழுத்து ஓரளவு காக்கும்.

இது நியாயமா?

ஆட்டம் உருவாக்குபவர்களின் வருத்தம் உண்மையானது. ஒரு நல்ல விதியைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆடிப் பார்க்க வேண்டும். சரிவராமல் கிழித்துப் போட்ட தாள்கள் யார் கணக்கிலும் வராது. அந்த உழைப்பைப் பணம் படைத்த ஒரு நிறுவனம் வேறு படம் போட்டு எடுத்துக்கொண்டால் சட்டம் கைகொடுக்காது. எழுத்தாளர் தன் பெயரைக் கோரும் உரிமை காப்பிரைட் சட்டத்தின் 57-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் அதுவும் படைப்புக்குத்தான், விதிக்கு இல்லை. சேம்பர்லின் போல 'இது நான் செய்தது' என்று கடிதம்தான் எழுத முடியும்.

ஆனால் இந்தப் பூட்டு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். விதிக்கு உரிமை உண்டு என்று நாளைக்கே சட்டம் மாறினால், முதலில் பதிவு செய்ய ஓடுவது குன்னூர் மாணவியா, ஹாஸ்ப்ரோவா? 'பகடை உருட்டி வெற்றி தோல்வி முடிவு செய்தல்' என்ற ஒற்றை விதியை ஒருவர் பூட்டி வைத்தால், அதன்பின் வரும் ஒவ்வொரு ஆட்டமும் வாடகை கட்ட வேண்டும். கையில் வக்கீல் இருப்பவருக்குத்தான் அந்த உலகம் வசதி.

ஆகவே இப்போதைய சட்டத்தில் ஒரு சின்ன ஆள் கவலைப்பட வேண்டியது விதியைப் பற்றி அல்ல. பெயர், எழுத்து, படம் மூன்றையும் பற்றித்தான். விதியை யார் கண்டுபிடித்தார் என்பதைக் காப்பாற்றுவது அந்த வட்டாரத்தின் மரியாதை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'இந்த முறை இந்த ஆட்டத்திலிருந்து வந்தது' என்று ஒரு வரி போடச் செலவு ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வரி ஸ்நூக்கருக்குக் கிடைக்க 50 வருஷத்துக்கு மேல் ஆனது.